நாலு பேரும் ஒரு லேப்டாப்பும்: சொந்தச் செலவில் மெட்டல் பாட்டு வெளியிடுவது எப்படி

எங்கள் முதல் டெமோவைப் பதிவு செய்ய, கோடம்பாக்கம் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஆறு மணி நேரம் புக் செய்துகொண்டு போனோம். கிட்டாரை மாட்டி முதல் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) வாசித்ததுமே சவுண்ட் இன்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, உங்க ஆம்ப்ல ஏதோ ரிப்பேர் போல. கரகரன்னு வருது, பாத்தீங்களா?" மெட்டல் கிட்டாருக்கு அந்தக் கரகரப்புதான் உயிர். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. வயலினும் புல்லாங்குழலும் பதிவு செய்து பழகிய கை. அவருக்குத் தெரிந்த விதத்தில் அந்தக் கரகரப்பை எல்லாம் துடைத்துக் கொடுத்தார். காசைக் கட்டிவிட்டு, டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி ஒரு சத்தத்தை பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

இந்த இசையை நாமே பதிவு செய்யக் கற்றுக்கொண்டால்தான் உண்டு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இதில் நாங்கள் முன்னோடிகளும் அல்ல. மும்பையின் டெமானிக் ரெசரக்‌ஷன் இசைக்குழுவைத் தொடங்கிய சாஹில் மகிஜா, தனக்கென்று ஒரு லேபிளையே (இசை வெளியீட்டு நிறுவனத்தையே) வைத்து நடத்தினார். யூடியூபில் கேலிப் பாட்டுகளில் ஆரம்பித்த டெல்லியின் பிளட்டிவுட், 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடை வரை போனது. 2022-ல் வந்த அவர்களுடைய 'ரக்‌ஷக்' ஆல்பமும் சொந்த வெளியீடுதான். கையில் ஒரு கிட்டாரும் லேப்டாப்பும் பாதி பேண்டும் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆள் சேர்ப்பது

கிட்டார் வாசிப்பவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். டபுள் பெடல் (இரண்டு காலாலும் கிக் டிரம்மை அடிக்கும் பெடல்) வாசிக்கும் டிரம்மர்தான் கிடைக்க மாட்டார். கிடைத்தால் அவர் ஏற்கெனவே மூன்று பேண்டில் இருப்பார். அடுக்குமாடிக் குடியிருப்பில் டிரம் செட் வைத்துப் பழக யார் விடுவார்கள்? அதனால் டிரம்மருக்காகக் காத்திருந்து இரண்டு வருடம் வீணாக்காதீர்கள். டிரம்ஸை கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்ளலாம். அது மட்டமான வேலை என்று யாராவது சொன்னால், ஸ்வீடனின் மெஷுகா 2005-ல் வெளியிட்ட ஆல்பத்தில் டிரம்ஸ் முழுக்க கம்ப்யூட்டரில் எழுதியதுதான் என்று சொல்லுங்கள். மெஷுகாவின் டிரம்மரோ உலகத்தின் மிகச் சிறந்த மெட்டல் டிரம்மர்களில் ஒருவர்!

ஆள் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு சங்கடமான பேச்சைப் பேசி முடித்துவிடுங்கள். பாட்டு யாருடையது? ரிஃப் ஒருவர், வரிகள் ஒருவர் என்றால் வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது? ஒருவர் விலகினால் அவர் எழுதிய பாட்டை மற்றவர்கள் வாசிக்கலாமா? பத்திரம் எல்லாம் வேண்டாம், எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு எல்லாரும் "சரி" என்று பதில் போட்டால் போதும். பதிப்புரிமை, பாட்டை எழுதிய நொடியிலேயே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அதை அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் எழுதியது யார் என்பதிலேயே தகராறு வந்தால் இந்த மின்னஞ்சல் பேசும்.

பெயர் வைக்கும் முன் உலக மெட்டல் பேண்டுகளைப் பட்டியலிடும் மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் தேடுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் பயங்கரமான பெயரில் பிரேசிலில் ஒன்று, போலந்தில் இரண்டு பேண்ட் இருக்கும்.

கம்பி, ட்யூனிங்

கிட்டாரைத் தாழ்த்தி ட்யூன் செய்வது பிளாக் சபாத்தின் டோனி அயோமி காலத்துப் பழக்கம். இரும்புத் தகடு ஆலையில் இரண்டு விரல் நுனியை இழந்தவர் அவர். கம்பி தளர்வாக இருந்தால்தான் அவரால் அழுத்த முடிந்தது. உங்களுக்கு விரல் எல்லாம் இருப்பதால், தாழ்த்தும்போது கம்பியை மொத்தமாக மாற்றுங்கள். டிராப் சி-க்கு (தடித்த கம்பியை சி சுருதி வரை இறக்கும் ட்யூனிங்) சாதாரண 10–46 தடிமன் செட் துணி உலர்த்தும் கொடி மாதிரி தொங்கும். ஒவ்வொரு அடிக்கும் சுருதி மேலே போய் இறங்கும். 11–56 அல்லது 12–60 வாங்குங்கள். மாற்றிய பிறகு இன்டொனேஷன் (கழுத்து முழுக்க சுருதி சரியாக நிற்கிறதா என்று) பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி வரும் சுருதியும், அதே இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு (ஹார்மோனிக்) வரும் சுருதியும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சேடில் துண்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள், குறைவாகக் காட்டினால் முன்னுக்கு.

கடற்கரை ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்துவிடுங்கள். திருவான்மியூர் காற்றில் ஒரு செட் கம்பி பத்து நாளில் துருப்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரிஃப்பிலிருந்து பாட்டுக்கு

புதியவர்களிடம் நாற்பது ரிஃப் இருக்கும், ஒரு பாட்டு இருக்காது. ஃபோனில் குவிந்து கிடப்பதில் இரண்டே இரண்டை எடுங்கள். ஒன்று வேகமானது, ஒன்று நிதானமானது. வேகமானதை நாலு தடவை வாசித்துவிட்டு, நிதானமானதுக்கு மாறும் இடத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் யோசியுங்கள். மெட்டலில் தலை ஆடுவது அந்தத் திருப்பத்தில்தான்.

ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு நமக்கு ஒரு வசதி உண்டு. எங்கள் டிரம்மர் சின்ன வயதில் மிருதங்கம் கற்றவர். ஏழு எண்ணிக்கை ரிஃப் ஒன்றில் நான் ஒரு வாரம் தடுமாறியதைப் பார்த்துவிட்டு, "எண்ணாத மச்சி, சொல்லு" என்றார். தகிட தகதிமி, தகிட தகதிமி. பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டது. ஐந்துக்கு தக தகிட, ஒன்பதுக்கு தகதிமி தக தகிட. ஒன்று இரண்டு என்று எண்ணினால் மூளை வாசிக்கிறது, சொல்லால் சொன்னால் உடம்பு வாசிக்கிறது.

பாட்டின் எலும்புக்கூடு வந்ததும் வேகத்தை முடிவு செய்யுங்கள். ஜாம் ரூமில் எல்லாரும் நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் வாசித்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மெட்ரோனோமில் வைத்தால் 184-ல் ஆரம்பித்து 205-ல் முடிந்திருக்கும். பேண்டில் மிக மெதுவான கை எந்த வேகத்தில் சுத்தமாக வாசிக்கிறதோ, அதுதான் பாட்டின் வேகம்.

டிரம்ஸ் எழுதுவது

பதிவுக்கு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரையும் மைக்கையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வேண்டும். இரண்டு இன்புட் போதும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும். சாஃப்ட்வேருக்கு ரீப்பர். 60 நாள் எல்லா வசதியோடும் இலவசம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். டிரம்ஸுக்கு எம்டி பவர் டிரம் கிட் என்ற இலவச பிளக்இன்னில் (பதிவு சாஃப்ட்வேருக்குள் ஓடும் துணை நிரலில்) தொடங்கலாம்.

எழுதும்போது கை எத்தனை என்று எண்ணுங்கள். கையால் அடிக்கும் ஸ்நேர், ஹை-ஹேட், கிராஷ் மூன்றும் ஒரே நொடியில் விழுந்தால் உங்கள் டிரம்மருக்கு மூன்று கை. கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று காது சொல்லிவிடும். அடுத்தது, அடியின் பலம். எல்லா அடியையும் உச்ச பலமான 127-ல் வைத்தால் தட்டச்சுப் பொறிதான் கேட்கும். பிளாஸ்ட் பீட்டில் (மிக வேகமாகத் தொடர்ந்து அடிக்கும் தாளத்தில்) எந்த மனிதனாலும் முழு பலத்தோடு அடிக்க முடியாது. அங்கே ஸ்நேரை 95-க்கும் 110-க்கும் நடுவில் மாற்றி மாற்றி வையுங்கள். 127-ஐ பிரேக்டவுன் (வேகம் குறைந்து கனமாக இறங்கும் பகுதி) போன்ற இடங்களுக்குச் சேமித்து வையுங்கள்.

கிட்டார் பதிவு

அதிக நேரம் எடுக்கப்போவது இங்கேதான், எடுக்கவும் வேண்டும்.

கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் செருகுங்கள். ஆம்ப் சத்தத்தைச் சேர்க்காமல் பச்சையாகப் பதிவாகும் இதற்கு டி.ஐ. என்று பெயர். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பலமாக அடித்தாலும் மீட்டர் -12 டெசிபல் பக்கமே நிற்கட்டும். ஆம்ப் சத்தத்தை பிளக்இன்னில் போட்டுக் கேட்டபடி வாசிக்கலாம். நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம். அதோடு கேபினெட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) அதன் ஒலித் தன்மையைப் பதிந்த ஒரு ஐ.ஆர். கோப்பு சேர்த்தால் போதும். டி.ஐ. கையில் இருந்தால் ஆறு மாதம் கழித்துக்கூட சத்தத்தை மாற்றலாம், மறுபடி வாசிக்க வேண்டாம்.

இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை என்று ஒரே ரிஃப்பை இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒன்றை வாசித்து அதையே நகலெடுத்து மறுபக்கம் போட்டால் வேலைக்கு ஆகாது. இரண்டும் ஒன்றேதான் என்பதால் சத்தம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு முறை வாசித்ததற்கும் இடையே இருக்கும் மயிரிழை வித்தியாசம்தான் அந்த அகலத்தைத் தருகிறது. மயிரிழையைத் தாண்டினால் சேறு.

இப்போது கெயினை (ஆம்பின் கரகரப்பு அளவை) குறையுங்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது பிடித்த அளவில் பாதிக்கு வாருங்கள். இரண்டு கிட்டார் சேரும்போது டிஸ்டார்ஷனும் (அந்தக் கரகரப்பும்) சேர்ந்து பெருகும். ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒரு பெடலை (பிளக்இன் போதும்) டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு என்று வைத்தால் தாழ்ந்த ஒலியின் குழப்பம் போய் ஒவ்வொரு பிக் அடியும் தனியாகத் தெரியும்.

எங்கள் இரண்டாவது பாட்டில் ஒரு ரிஃப் என்ன செய்தும் கனமாக ஒலிக்கவில்லை. ஆம்பை மாற்றினோம், ஐ.ஆரை மாற்றினோம், மூன்றாவது கிட்டார் சேர்த்தோம். ஒரு ராத்திரி எரிச்சலில் எல்லா பிளக்இன்னையும் அணைத்துவிட்டு வெறும் டி.ஐ.யை மட்டும் கேட்டேன். டிஸ்டார்ஷன் போனதும் என் வலது கை அம்மணமாக நின்றது. நாலாவது அடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முந்திக்கொண்டு விழுகிறது. பாம் மியூட்டில் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி வாசிப்பதில்) உள்ளங்கை பிரிட்ஜை விட்டு நகர்ந்துபோய், ஒரு அடி அடைத்தும் அடுத்தது திறந்தும் கேட்கிறது. வேகத்தை 70 சதவீதத்துக்குக் குறைத்து இரண்டு நாள் பழகி மறுபடி பதிவு செய்தேன். பழைய ஆம்ப், பழைய ஐ.ஆர். பாட்டு கதவை உடைத்துக்கொண்டு வந்தது. அதிலிருந்து பேண்டில் யார் டேக் எடுத்தாலும் முதலில் பச்சை டி.ஐ.யைத்தான் கேட்கிறோம். புதிதாக பெடல் வாங்கும் ஆசை வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், நிறையப் பணம் மிஞ்சும்.

ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூன் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் கோப்புகளை இன்னொரு டிஸ்கில் பிரதி எடுங்கள். மூன்றாவது பாட்டின் டேக்குகள் மொத்தமும் என் ஹார்டு டிஸ்க் மேசையிலிருந்து விழுந்ததில் போயின. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

பேஸ் கிட்டாரைப் பலர் கடைசியில் அவசரமாக முடிப்பார்கள். நீங்கள் கிட்டார் கனம் என்று நினைக்கும் பாதி பேஸ்தான். ஒரே டி.ஐ.யை இரண்டு டிராக்காக்கி, ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சுத்தமாக வையுங்கள், இன்னொன்றில் மேலே உள்ளதுக்கு டிஸ்டார்ஷன் போடுங்கள். பிக் வைத்து, புதுக் கம்பியில் வாசியுங்கள்.

குரலும் வரிகளும்

மெட்டல் பாணியில் உறுமுவதற்கு வலி தேவையில்லை. தொண்டை எரிந்தால் செய்முறை தப்பு. அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். காற்றை வயிற்றிலிருந்து தாங்கி, தணிந்த சத்தத்தில் அந்தக் கரகரப்பை முதலில் பிடிக்க வேண்டும். பலம் பிறகு தானாக வரும். ஆரம்பத்தில் நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

தமிழில் எழுதலாமா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா சமஸ்கிருத சுலோகங்களை டெத் மெட்டலில் (உறுமல் குரல் மெட்டல் வகையில்) பாடிவருகிறது. மொழி ஒரு தடையே அல்ல. தமிழ் இன்னும் தோதானது என்பது என் கட்சி. வல்லின இரட்டிப்பு இருக்கிறதே, க்க, ட்ட, த்த, ப்ப, அது ஸ்நேர் அடியோடு அப்படியே பொருந்தும். "கொட்டிய ரத்தம், கட்டிய கோட்டை" என்று உறுமிப் பாருங்கள், நாலு சொல்லும் நாலு அடியில் உட்காரும். எதுகை வேறு இலவசம். ஆனால் வரியை 'ம்'மில் முடிக்காதீர்கள். வாயை மூடினால் உறுமல் செத்துவிடும். நீட்ட வேண்டிய இடத்தில் ஆ, ஓ வரட்டும். கீச்சென்ற அலறலுக்கு ஈ நல்லது. கருப்பொருளுக்குப் பஞ்சமா என்ன? போர்க்களத்தில் பேய்கள் பிணங்களுக்கு நடுவே கூழ் காய்ச்சிக் குடிப்பதைப் பரணிப் புலவர்கள் எப்போதோ பாடிவிட்டார்கள். இருண்ட பிளாக் மெட்டலுக்குப் பேர்போன நார்வேக்காரர்கள் கொஞ்சம் தாமதம்.

குரல் பதிவுக்கு எஸ்எம்58 மைக் ஒன்று போதும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினால் அறையின் எதிரொலி அடங்கும். ஃபேனை நிறுத்தியாக வேண்டும். மே மாதத்தில் எங்கள் பாடகர் சட்டையைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு பாடினார். மத்தியானம்தான் பதிவு செய்தோம், ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால் கீழ் வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் ஒரு குக்கர் விசில் பதிவாகியிருக்கிறது. எத்தனை முயன்றும் எடுக்க முடியவில்லை, இப்போது அது பாட்டில் ஒரு பகுதி.

மிக்ஸிங்

பதிவான எல்லாவற்றையும் ஒரே பாட்டாகக் கலப்பதுதான் மிக்ஸிங். உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை அதே சாஃப்ட்வேரில் இறக்கி, உங்கள் பாட்டின் சத்த அளவுக்குக் குறைத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். குறைக்காமல் கேட்டால் எப்போதும் அதுதான் நன்றாக இருக்கும், ஏனென்றால் அது சத்தமாக இருக்கிறது. கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அது கிக்குக்கும் பேஸுக்கும் உரிய இடம். தணிந்த ஒலியில், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மிக்ஸ் செய்யுங்கள். அப்புறம் ஃபோன் ஸ்பீக்கரிலும் யாருடைய காரிலாவதும் கேளுங்கள்.

இரண்டு முறை முயன்றும் சரிவரவில்லையா? மெட்டல் மட்டும் மிக்ஸ் செய்து பழகிய ஒருவரிடம் காசு கொடுத்துக் கொடுத்துவிடுங்கள். மொத்தச் செலவில் ஒரே ஒரு இடத்தில்தான் பணம் போட முடியும் என்றால் அதை இங்கே போடுவேன்.

வெளியிடுவது

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு நேரடியாகப் போட முடியாது. டிஸ்ட்ரோகிட், சிடி பேபி, ட்யூன்கோர் மாதிரி ஒரு விநியோகஸ்தர் வழியாகத்தான். வெளியீட்டு நாளை நாலு வாரம் தள்ளிக் குறியுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை அனுப்புவதென்றால் குறைந்தது ஏழு நாள் முன்பாவது அனுப்ப வேண்டும். பெயர் எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் ஒன்றாக வையுங்கள். தமிழ்த் தலைப்பை ஓரிடத்தில் தமிழிலும் இன்னோரிடத்தில் ஆங்கில எழுத்திலும் போட்டால் தேடுகிறவருக்குக் கிடைக்காது.

அதில் பணம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024 முதல் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கூட ஒலிக்காத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒன்றும் தருவதில்லை. மெட்டல் ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கும் இடம் பேண்ட்கேம்ப். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பொருள்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறார்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி உங்களுடையது. பாட்டையும் வரிகளையும் எழுதியவர்கள் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகப் பதிந்துகொள்வது நல்லது.

உண்மையில் விற்பது டி-ஷர்ட். கறுப்பு, வேறு நிறத்தை யாரும் தொட மாட்டார்கள். திருப்பூரில் தெரிந்தவர் இருந்தால் அதிர்ஷ்டம். 180 ஜிஎஸ்எம் துணி, ஸ்கிரீன் பிரிண்ட், முதலில் ஐம்பது. எல், எக்ஸ்எல் அளவுகளை அதிகம் அடியுங்கள்.

மேடை

சென்னையில் மெட்டலுக்கு மேடை குறைவுதான். ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவில் 2009-ல் ஸ்வீடன் மெட்டல் குழு ஓபெத் வந்து வாசித்த ராத்திரியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கும் ஊர் இது. கல்லூரி விழாக்களை விட்டால் பெங்களூருக்கு ராத்திரி பஸ் ஏறுவதுதான் வழி. 2007-ல் இங்கிலாந்து மெட்டல் குழு அயர்ன் மெய்டன் வந்ததும் அங்கேதான்.

நிகழ்ச்சி நடத்துபவருக்கு முன்கூட்டியே ஒரு தாள் அனுப்புங்கள்: மேடையில் யார் எங்கே நிற்கிறார், எத்தனை மைக், எத்தனை லைன். டிரம்ஸ் இல்லாத பேண்ட் என்றால் லேப்டாப்பின் ஒரு பக்க அவுட்புட்டில் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் சத்தம்) உங்கள் காதுக்கும், மறுபக்கத்தில் பின்னணி டிராக் மிக்ஸருக்கும் போகட்டும். இரண்டையும் மாற்றிச் செருகினால் கூட்டம் முழுக்க கிளிக்குக்குத் தலையாட்டும்.

பையில் கூடுதல் கம்பி செட், இரண்டு கேபிள், டேப், ஒரு டெஸ்டர். டெஸ்டர் எதற்கென்றால், பல இடங்களில் எர்த்திங் கிடையாது. கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று அடிக்கும்; இதில் உயிரே போனவர்கள் உண்டு. சவுண்ட் செக்கில் மைக் வலையில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சரி செய்யும் வரை வாசிக்காதீர்கள், ஏற்பாட்டாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

முப்பது நிமிடம் கொடுத்தால் இருபத்தாறில் முடியுங்கள். அடுத்த பேண்ட் உங்களை மறக்காது. கிளம்பும் முன் மேடையை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கள் ஸ்நேர் ஸ்டாண்டு ஒன்று பெங்களூரில் எங்கேயோ இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.